எம்டன் 1:48 (முதல் உலகப்போர் கால ஜெர்மன் போர்க்கப்பலின் மிதக்கும் மாதிரி, 48இல் ஒரு பங்கு), பட்டறை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11
வரைபட நகல் 6 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. 118.3 மீட்டர் கப்பலுக்கு 246.5 சென்டிமீட்டர்தான் வர வேண்டும். ஈரக்காற்றில் தாள் நீளும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. அளவுக்கோட்டை நீளத்திலும் குறுக்கிலும் சரிபார்க்காமல் வங்கு (கப்பலின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) வெட்டக் கூடாது.

ஆகஸ்ட் 19
வங்குகள் 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். மேல் பலகைகள் 10×4 பைன். அணியத்தில் (முன்முனையில்) தண்ணீருக்கடியில் முன்னோக்கி வளையும் இடம்தான் கடினம். வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, கட்டிக் காயவிட்டு, அப்புறம்தான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் இடைவெளி விழும். இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டவும். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் ஏரா (அடிமரம்) முறுக்கிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 30
பாரம். கப்பலின் 3,664 டன்னை 48×48×48, அதாவது 1,10,592 ஆல் வகுத்தால் 33.1 கிலோ. அது கடல்நீருக்கு. ஏரி நன்னீர், அதே நீர்க்கோட்டில் மிதக்க 32.3 கிலோதான். கப்பல் சுருங்கும், காற்று சுருங்காது. அதனால் தளத்துக்கு மேலே உள்ளதெல்லாம் விகிதத்தைவிட இலேசாக இருந்தே ஆக வேண்டும். மூன்று புகைபோக்கிகள், இரண்டு கொடிமரங்கள்.

செப்டம்பர் 7
மழை. எபாக்சி மேல் மெழுகுபோல் பிசுக்கு. ஈரத்தில் ஹார்டனர் செய்யும் வேலை. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள், இல்லையேல் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது.

செப்டம்பர் 22
1914இல் இதே இரவுதான் எம்டன் சுட்டதில் சென்னையில் பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன. சாம்பல் நிறம்தான் அடிக்க வேண்டும். வெள்ளை அமைதிக்காலத்துக்கானது.

அக்டோபர் 3
தகரப் புகைபோக்கிகள் மூன்றும் 900 கிராம். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் 300. மிச்சப்படும் 600 கிராம் ஈர்ப்பு மையத்துக்கு 20 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கணக்குப் போட்டால், நிலைப்பை அளக்கும் மெட்டாசென்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் லாபம். தகரம் அழகுதான். வேண்டாம். பீரங்கிக் குழல்களும் பித்தளை வேண்டாம். பத்தும் அலுமினியம், 87.5 மில்லிமீட்டர்.

அக்டோபர் 9
உந்துவிசிறித் தண்டு 6 மில்லிமீட்டர் எவர்சில்வர், பித்தளைக் குழாய்க்குள். முதலில் கடைந்த திடமான இணைப்பைப் போட்டு மோட்டாரை நேர்ப்படுத்தித் திருகி, பிறகுதான் வளையும் இணைப்பு. தண்டை மாட்டியதும் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் எகிறினால் நேர்கோடு தப்பியிருக்கிறது. வளையும் இணைப்பு அந்தக் கோணலை மறைக்குமே தவிர சரிசெய்யாது.

அக்டோபர் 18
செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்த தொட்டியில் சாய்வுச் சோதனை. கொடிமரம் இன்னும் ஏறவில்லை. எடை 32 கிலோ. அரைக் கிலோவை 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தியதும் 50 சென்டிமீட்டர் தூக்குநூல் 2.6 சென்டிமீட்டர் விலகியது. மெட்டாசென்டர் உயரம் 3 சென்டிமீட்டர். பேட்டரிகள் ஏராவை ஒட்டியே. ஈயக் குண்டுகள் பைகளில்தான். கொடிமரம் ஏறி, மறுபடி அளந்த பிறகே ரெசின் ஊற்றிக் குண்டுகளை நிலையாக்க வேண்டும்.

அக்டோபர் 19
மழை. தொட்டி நிரம்பி வழிகிறது.

அக்டோபர் 28
பினாங்கு. 1914இல் எம்டன் போலியான நான்காவது புகைபோக்கியோடு நுழைந்து ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்த நாள். அந்தப் போலி கேன்வாஸ். மாதிரியிலும் கம்பிச் சட்டத்தில் துணி, கழற்றி மாட்டும்படி. 40 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

நவம்பர் 2
போலிப் புகைபோக்கி 52 கிராம். கம்பியை மெல்லியதாக்க வேண்டும். ரிசீவர் ஆன்டெனா நீர்க்கோட்டுக்கு மேலே, தளத்தின் அடியில். 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீரைத் தாண்டாது. சுக்கான் பெட்டி மூடியில் கசிவு, ரப்பர் வளையம் மாற்றணும்.