என் மகளின் மருத்துவக் கோப்பு

29 வாரத்தில் பிறந்த என் மகள் இன்குபேட்டருக்குள் இருந்தபோது, அவளைப் பற்றி எனக்குச் செய்தி சொன்னது மானிட்டர்தான். இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும், மணி அடிக்கும், செவிலியர் அவள் பாதத்தை மெல்லத் தேய்த்துவிடுவார், துடிப்பு ஏறும். ஏன் என்று கேட்க, மறுநாள் காலை டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். குழந்தையின் மருத்துவக் கோப்பைப் பெற்றோர் உடனுக்குடன் பார்க்க மருத்துவமனைகள் விட வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், பரிசோதனை முடிவுகளையும் மருத்துவர் குறிப்புகளையும் நோயாளி தாமதமின்றிப் பார்க்க வழிசெய்யும் விதி நடைமுறையில் இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அந்த உரிமை பெற்றோர் வழியாகத்தானே வர முடியும்? "மூளை ஸ்கேனில் இரத்தக்கசிவு" என்ற வரியை நள்ளிரவில் தனியாகப் படிப்பது கொடுமை, மறுக்கவில்லை. லேசான கசிவு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் வேண்டும். அதற்காகக் கோப்பையே மூடி வைப்பதா? (குழந்தையின் கோப்பில் தாயின் பரிசோதனை விவரங்களும் இருக்கும். தாயின் சம்மதமின்றி அவை கணவருக்குக்கூடப் போகக் கூடாது. அந்தப் பக்கங்களைத் தனியே பிரித்து வையுங்கள்.)

அறுவை சிகிச்சை முடிந்து வேறு மாடியில் படுத்திருந்த இரண்டு நாட்களும் நான் அவளைப் பார்க்கவில்லை. "குழாய் வழியாக 1 மில்லி பால், செரித்தது" என்று அவள் கோப்பில் எழுதியிருந்ததை எனக்கு யாரும் காட்டவில்லை.