எழுதாத பாட்டில்

இரசாயனச் சரக்கு வைத்து எடுத்துக்கொடுக்கும் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த பாட்டிலைப் பார்த்தாலும் கண் முதலில் அதன் லேபிளைத்தான் தேடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது கிடையாது. மூன்றாவது வருடம் ஒரு குடிதண்ணீர் பாட்டில் கற்றுக்கொடுத்தது.

கழிவறையில் படியும் உப்புக்கறையை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த திரவம் ஒன்று வாங்குவோம். இருபது லிட்டர் கேனில் வரும். கேனில் ஒரு குறையும் இல்லை. சிவப்புக் கரை போட்ட சாய்சதுரம், கையையும் உலோகத்தையும் அரிக்கிற படம், கீழே பெரிய எழுத்தில் ‘அபாயம்’ என்ற சொல், சப்ளையர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத யாரோ ஒருவர் அதில் ஒரு லிட்டரைக் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த துப்புரவு அக்கா, வாளியில் பிளீச் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே என்று அந்தத் ‘தண்ணீரை’ எடுத்து ஊற்றினார்.

பிளீச்சில் இருப்பது ஹைப்போகுளோரைட். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். அதனால் சட்டென்று மேலே போய்க் கலையாது, வாளியைச் சுற்றியே தேங்கும். வாளிக்கு மேல் குனிந்து மாப்பைப் பிழிகிறவரின் முகம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளையாக முதல் இருமலிலேயே அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

நான் எஸ்டிஎஸ் கோப்பைத் தேடி ஓடினேன். ஒரு சரக்கில் என்ன ஆபத்து, பட்டால் என்ன செய்வது என்று சப்ளையர் தரும் தாள் அது. பாதுகாப்புத் தரவுத்தாள் என்று எழுத்தில் சொன்னாலும் தளத்தில் எல்லோருக்கும் அது எஸ்டிஎஸ்தான். கோப்பு மேலாளர் அறை பீரோவில் இருந்தது. சாவி மேலாளரிடம் இருந்தது. மேலாளர் வீட்டில் இருந்தார். ஒருவழியாகச் சாவி வந்து திறந்தால், உள்ளே இருந்தது பழைய சப்ளையரின் தாள். பெயர் அதேதான், அமிலத்தின் அளவு வேறு. அதற்குள் அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பியாகிவிட்டது. நான்கு நாள் கழித்து வேலைக்குத் திரும்பியவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. அதுல எதுவும் எழுதல.”

அதற்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். 1992-இல் ரியோவில் நடந்த பூமி உச்சி மாநாட்டில், இரசாயனங்களை உலகம் முழுக்க ஒரே முறையில் வகைப்படுத்தி லேபிள் ஒட்ட வேண்டும் என்று பேசி, 2003-இல் ஐ.நா. அதை ஜிஹெச்எஸ் என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டது. அதற்கு முன்னால் ஒரே திரவம் ஒரு நாட்டில் நச்சு, பக்கத்து நாட்டில் சாதாரணச் சரக்கு. இன்று படங்கள் மொத்தம் ஒன்பது. குறிச்சொல் இரண்டே இரண்டு: கடுமையானதற்கு ‘அபாயம்’, அதைவிடக் குறைந்ததற்கு ‘எச்சரிக்கை’. எஸ்டிஎஸ் எந்த மூலையிலிருந்து வந்தாலும் பதினாறு பகுதிகள்தான், வரிசையும் மாறாது. நாலாவது முதலுதவி, ஆறாவது கொட்டினால் என்ன செய்வது, எட்டாவது கையுறை முகக்கவசம், பத்தாவது எதோடு சேரக்கூடாது. அந்தப் பத்தாவது பகுதியை யாராவது முன்பே படித்திருந்தால் பிளீச்சும் அமிலமும் ஒரே அலமாரியில் இருந்திருக்காது.

ஆனால் கேனில் வரும் லேபிளில் எனக்குப் பெரிதாகக் குறை தெரிந்ததில்லை. வம்பு கேனிலிருந்து ஊற்றி வைக்கும் இரண்டாவது பாட்டிலில்தான். பல நாடுகளின் விதிகளில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஊற்றிய ஆளே, அந்த ஷிஃப்டுக்குள்ளேயே பயன்படுத்தித் தீர்ப்பதாக இருந்தால் லேபிள் வேண்டாம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த அநாதை பாட்டில்கள் எல்லாமே ‘இதோ அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடும்’ என்று ஊற்றியவைதான். நடுவில் போன் வரும், வேறு வேலைக்குக் கூப்பிடுவார்கள், பாட்டில் அங்கேயே நிற்கும். என் ஸ்டோர்ஸில் அந்த விலக்கை நான் எடுத்துவிட்டேன். சரக்கின் பெயர், என்ன ஆபத்து, எஸ்டிஎஸ் எங்கே இருக்கிறது. இந்த மூன்றும் எழுதாமல் ஒரு சொட்டுகூட வெளியே போகாது.

எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அசிட்டோன் பாட்டிலில் மார்க்கரால் எழுதி வைத்தோம். இரண்டே நாளில் விளிம்பில் வழிந்த அசிட்டோன் எழுத்தைக் கரைத்து நீலக்கறை ஆக்கிவிட்டது. ஒரு பழைய லேப் ஆள்தான் வித்தையைக் காட்டினார். ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பாட்டிலைப் பிடிக்க வேண்டும். அப்போது வழிகிறது எதிர்ப்பக்கமாக வழியும், எழுத்து தப்பிக்கும். அதன்மேல் கண்ணாடி டேப்பும் ஒட்டச் சொன்னார். எந்த விதிப் புத்தகத்தையும்விட எனக்கு அதிகமாக உதவியது அந்தக் கைப்பிடிதான்.

பயிற்சியில் நான் சறுக்கிய இடமும் உண்டு. ஜிஹெச்எஸ்-இல் வகை 1 என்றால் மிக மோசம், எண் கூடக் கூட ஆபத்து குறையும். டேங்குகளில் பார்க்கும் நாலு நிற வைரக் குறியில் நேர்மாறு, அங்கே 4தான் மிக மோசம். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள் ஒரு பையன், “சார், இது வெறும் ஒண்ணுதானே?” என்று கையுறை இல்லாமல் அரிக்கும் சரக்கைத் தூக்க வந்தான். இப்போதெல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் இடைவெளி விடுகிறேன்.

அப்புறம், அந்த ஒன்பது படங்களில் ஒன்றான, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதப் படம். மண்டையோட்டைப் பார்த்தால் எல்லோரும் ஒதுங்குவார்கள். இந்த ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை. புற்றுநோய், கருவிலிருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு, நாள்பட்ட உறுப்புச் சேதம் எல்லாம் இவர் கணக்கில்தான் வருகின்றன. டொலுவீன் கலந்த தின்னர் டின்னில் இவர் இருப்பார். தினமும் அதை மோந்துகொண்டே வேலை செய்கிற பெயிண்டருக்கு இன்று பெரிதாக ஒன்றும் தெரியாது, நாளையும் தெரியாது. அதனாலேயே அவரை நம்பவைக்க முடிவதில்லை. இதில் நான் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன்.

எஸ்டிஎஸ் கோப்பு இப்போது பூட்டில்லாத அலமாரியில் இருக்கிறது. சரக்கு புது சப்ளையரிடமிருந்து வந்தால், தாளை மாற்றிய பிறகுதான் கேன் உள்ளே வரும். திரவம் பிடிக்கிற குழாய் பக்கத்தில் லேபிள் சுருள் ஒன்றும் கயிற்றில் கட்டிய மார்க்கர் ஒன்றும் தொங்கும். கயிறு அப்படியே இருக்கும், மார்க்கர் மட்டும் மாதத்துக்குக் குறைந்தது நாலு காணாமல் போகும். கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததைக் கட்டுவேன்.