சுஜாதாவை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு: முதலில் ஓர் ஆண்டு அட்டவணை

முதுகலைத் தமிழின் கடைசிப் பருவ ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சுஜாதாவின் துப்பறியும் தொடர்கதைகளில் காட்சி அமைப்பு. ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தன. வெகுஜன எழுத்தாளர் ஒருவரை எடுக்க நினைக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கிருந்து ஆரம்பிப்பது? கதைகளை மறுபடி படிக்க உட்காருவதற்கு முன்னால் ஓர் ஆண்டு அட்டவணை போடுங்கள் என்றுதான் சொல்வேன். எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது, எப்போது புத்தகமாயிற்று, எப்போது படமாயிற்று, அந்தக் காலத்தில் அவர் எங்கே வேலை பார்த்தார், என்ன படம் பார்த்தார், என்ன படித்தார். இது தெரியாமல் எழுதும் எந்த வாக்கியமும் தேர்வாளரின் முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சுஜாதா கதைகள் சினிமா மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அடுத்த மூச்சில், அவர் சினிமாவுக்கு எழுதியவர், அதனால் அப்படி என்பார்கள். காரணம் சொன்ன மாதிரியே தோன்றும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வையுங்கள். குமுதத்தில் அவருடைய 'நைலான் கயிறு' தொடராக வந்தது 1968-இல். வக்கீல் கணேஷ் அதிலேயே வந்துவிடுகிறான், அவனுடைய உதவியாளன் வசந்த் பின்னாளில்தான் வந்து சேர்கிறான். அவர் கதையை வைத்து எடுத்த 'காயத்ரி' வெளிவந்தது 1977-இல், 'ப்ரியா' 1978-இல். வசனகர்த்தாவாக அவர் பெயர் பரவலாகத் தெரிந்த 'ரோஜா' 1992-இல். அதாவது, சட்டென்று பேச்சில் தொடங்குவதும், வர்ணனை இல்லாமல் இடம் மாறுவதும், பாதியில் வெட்டி அடுத்த காட்சிக்குத் தாவுவதும் அவர் சினிமா உலகத்துக்குள் போவதற்குப் பல வருஷம் முன்பே அவர் எழுத்தில் இருக்கின்றன. அப்படியானால் காரணத்தை அவர் சினிமாவில் செய்த வேலையில் தேடக் கூடாது. ரசிகராக அவர் பார்த்த படங்களிலும், படித்த புத்தகங்களிலும், வாரப் பத்திரிகை தந்த பக்க அளவிலும் தேட வேண்டும். என் ஆய்வேட்டின் மையமான இயல் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

அவர் என்ன பார்த்தார் என்பதற்கு நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார். 1965-இல் தொடங்கிய கணையாழி என்ற இலக்கிய இதழில், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் கடைசிப் பக்கம் எழுதிவந்தார். பார்த்த படம், படித்த புத்தகம், பிடித்த கவிதை, கேட்ட பாட்டு, அறிவியல் என்று எல்லாம் அதில் கலந்து வரும். அந்தப் பக்கங்கள் 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்' என்று தொகுப்பாகவே கிடைக்கின்றன. பின்னாளில் ஆனந்த விகடனில் எழுதிய 'கற்றதும் பெற்றதும்' இன்னொரு புதையல். பெரும்பாலான மாணவர்கள் இவற்றைக் கடைசியில், மேற்கோளுக்காகப் புரட்டுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியவை இவைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே மனிதர், ஒரே காலத்தில், சுஜாதா என்ற பெயரில் குமுதம் வாசகருக்குக் கொலைக் கதை சொல்கிறார், இன்னொரு பெயரில் சிற்றிதழ் வாசகரோடு உலக சினிமாவும் கவிதையும் பேசுகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, இலக்கியப் பத்திரிகையில் அவர் வியந்த உத்தி வாரப் பத்திரிகைக் கதைக்குள் எப்படி இறங்குகிறது என்று தேட ஒரு வழி கிடைக்கிறது. எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த வேலை அது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அவர் ஒரு படத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார் என்பதும், ஒரு கதையில் அதே மாதிரி காட்சி இருக்கிறது என்பதும் சேர்ந்து தாக்கம் ஆகிவிடாது. பாராட்டு எந்த மாத இதழில் வந்தது, கதை எந்த வாரம் வந்தது என்று தேதி பாருங்கள். கதை முந்தி இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது. பாராட்டு முந்தி இருந்தாலும், 'ஒப்புமை காணப்படுகிறது' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவரே ஒப்புக்கொண்ட இடங்களில் மட்டும் தாக்கம் என்ற சொல்லைப் போடுங்கள். 'இந்தக் கதை அந்த ஆங்கிலப் படத்தின் காப்பி' என்று வாய்வழியாக உலவும் பேச்சுகளை, மூலத்தை நீங்களே பார்த்து ஒப்பிடாமல் ஆய்வேட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சரி, இந்தத் தேதிகளை எங்கே எடுப்பது? இங்கேதான் உழைப்பு தேவைப்படுகிறது. கடையில் வாங்கும் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்தப் பதிப்பின் ஆண்டுதான். ஒரே நாவல் காலப்போக்கில் பல பதிப்பகங்கள் வழியாக வந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் முதல் பதிப்பைத்தான் முதற்பதிப்பு என்று போட்டிருக்கும். அதை நம்பி எழுதினால் அறுபதுகளில் வந்த கதை இரண்டாயிரத்துக்கு அப்புறம் எழுதியதாகிவிடும். முன்னுரையைப் படியுங்கள். சுஜாதா தன் நூல்கள் பலவற்றுக்கு எழுதிய முன்னுரைகளில் எந்தப் பத்திரிகைக்காக எழுதியது என்ற செய்தியைப் போகிற போக்கில் சொல்லியிருப்பார். அங்கிருந்து பத்திரிகை இதழுக்குப் போக வேண்டும்.

சென்னையில் இதற்கு இரண்டு இடங்கள் முக்கியம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம். முன்னது கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் பழைய பத்திரிகைகளும் அடித்தளமாக அமைந்தது. பின்னது, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி போய்ச் சேரும் நூலகங்களில் ஒன்று. போவதற்கு முன்னால் துறைத் தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதமும், எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு வேண்டும் என்ற குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். 'சுஜாதா சம்பந்தமா எல்லாம் வேணும்' என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தமிழ் வீடுகளில் ஒரு காலத்தில் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பழைய புத்தகக் கடைகளில் அவை இன்றும் கிடைக்கின்றன. நூலகத்தில் இதழ் விட்டுப்போயிருந்தால் இவை கைகொடுக்கும். மேலட்டை இல்லாததால் தேதி இருக்காதுதான். பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்புறம் ஒரு படத்தின் விளம்பரமோ விமர்சனமோ இருக்கும். அந்தப் படம் வெளியான ஆண்டு தெரிந்தால் தொடரின் காலமும் ஓரளவு பிடிபட்டுவிடும். அதை உறுதியான தேதியாக எழுதாமல், எப்படிக் கணித்தீர்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகைப் பக்கத்தையே பார்ப்பதில் இன்னொரு லாபம். புத்தகத்தில் காணாமல் போன படங்கள் அதில் இருக்கும். சுஜாதாவின் தொடர்களுக்கு ஓவியர் ஜெயராஜ் வரைந்த படங்கள் வாசகர் மனத்தில் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தவை. சுஜாதா உருவத்தை அதிகம் வர்ணிக்காததற்கு ஓவியம் அந்த வேலையைச் செய்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் வாதிட்டேன். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எண்ணமே தோன்றியிருக்காது. அப்புறம், வார முடிவுகள். ஒவ்வொரு வாரத்தின் கடைசி வரியையும் அடுத்த வாரத்தின் முதல் வரியையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். எங்கே ஆபத்தில் நிறுத்துகிறார், எங்கே வெறும் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார், எங்கே நிறுத்திய இடத்தை விட்டுவிட்டு வேறு ஊரில் தொடங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். காட்சி அமைப்பு என்று பொதுவாகச் சொல்வதைச் சான்றோடு சொல்ல இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தலைப்பு மாற்றங்களையும் கவனியுங்கள். 1857 கிளர்ச்சிக் காலத்தை வைத்து அவர் குமுதத்தில் தொடங்கிய 'கருப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பு வந்ததால் நிறுத்தப்பட்டு, பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் வந்தது. தெரியாதவர் நூற்பட்டியலில் இரண்டு நாவலாக எண்ணிவிடுவார். 'விக்ரம்' வேறு விதமான சிக்கல். 1986-இல் வந்த படம், அதே சமயத்தில் குமுதத்தில் தொடரும்கூட. கதை படமாயிற்றா, படம் கதையாயிற்றா என்று கேட்டால் இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதுதான் விடை. 'ப்ரியா' கதை லண்டனில் நடக்கிறது, படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இப்படிப்பட்டவற்றை அட்டவணையில் தனி நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் வருவது இந்த இடங்களிலிருந்துதான்.

புதுப் புத்தகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். அதற்குப் பிறகும் அவர் பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழைய கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் புதுத் தலைப்பில் தொகுத்தவை உண்டு, ஒரே கதை இரண்டு தொகுப்புகளில் வருவதும் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சியில் பார்த்ததை எல்லாம் வாங்கிப் பணத்தைச் செலவழிக்காமல், பொருளடக்கத்தைப் படித்து, உங்களிடம் இல்லாததை மட்டும் வாங்குங்கள். புதுத் தொகுப்புகளை ஆய்வுக்கு எடுக்கலாம், ஆனால் வரிசைப்படுத்தியது தொகுப்பாளர் என்பதை மறக்காதீர்கள். அந்த வரிசையை வைத்து எழுத்தாளரின் வளர்ச்சி என்று எதையும் சொல்ல முடியாது.

உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரை எடுத்தால் கதையே வேறு. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அத்தனையும் ஒரு பருவத்தில் படிக்க யாராலும் முடியாது, படித்ததாகச் சொல்லவும் வேண்டாம். குறிப்பிட்ட மாத நாவல் இதழில், குறிப்பிட்ட ஆண்டுகளில் வந்தவை என்று எல்லை போட்டு, ஏன் அந்த எல்லை என்பதை முதல் இயலிலேயே எழுதிவிடுங்கள். நேர்காணல் கிடைத்தால், 'உங்களுக்குப் பிடித்த நாவல் எது' போன்ற கேள்விகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். எத்தனை பக்கம் என்று பத்திரிகை சொன்னதா, தலைப்பை யார் வைத்தார்கள், இப்போது பார்க்கும் தொலைக்காட்சி, இணையத் தொடர்களால் அத்தியாய நீளம் மாறியிருக்கிறதா என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா மாதிரி திரைத்துறையிலும் எழுதியவர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வி கட்டாயம் கேட்க வேண்டியது.

வாய்மொழித் தேர்வில் 'வணிக எழுத்தை ஏன் ஆராய வேண்டும்?' என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், நீங்கள் எடுத்த எழுத்தாளரை உயர்த்திப் பேசவும் வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துப்பறியும் நாவல்கள் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்தே தமிழில் நாவல் வாசிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் துப்பறியும் கதைக்குப் பங்கு உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூலைப் படித்துவிட்டுப் போனால் இதை வரலாற்றோடு சொல்ல முடியும். அங்கிருந்து நேராக உங்கள் சான்றுக்கு வந்துவிடுங்கள். நான் 1968-க்கும் 1977-க்கும் இடையிலான இடைவெளியைத்தான் எடுத்துக் காட்டினேன். அதன் பிறகு கேள்விகள் எல்லாம் கதைகளைப் பற்றியே வந்தன, எனக்கும் பேச உற்சாகமாக இருந்தது.

கடைசியாக, அட்டவணையைப் பின்னிணைப்பாகவே சேருங்கள். இதழைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த தேதிக்கு ஒரு குறி, முன்னுரையிலிருந்து எடுத்ததற்கு ஒரு குறி, விளம்பரத்தை வைத்துக் கணித்ததற்கு ஒரு குறி. ஒன்றுமே கிடைக்காத கதைகளின் பெயரை எழுதி, ஆண்டுக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். தொடரின் முதல் பக்க நகல் சேர்ப்பதாக இருந்தால் நூலகத்தில் அனுமதி வாங்கி, இதழின் தேதியை நகலின் கீழேயே குறித்துவிடுங்கள். ஆய்வேட்டைக் கட்டுக்குக் கொடுத்த பிறகு அதைத் திருத்த முடியாது.