உருளைக்கிழங்கு புளிக்குழம்பு

பச்சைக் கிழங்கைப் புளியில் போட்டால் அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்றே நிற்கும். புளிப்பு அதை இளக விடாது. அதனால் கால் கிலோ கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்து, உரித்து, பெரிதாக நறுக்குங்கள். குழம்பில் சட்டென்று கரையாது, பயம் வேண்டாம்.

நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி (இதில் கஞ்சத்தனம் கூடாது). கடுகு, கால் டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்தால் போதும், கருகினால் குழம்பே கசக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, 1 தக்காளி வதங்கியதும் 2 டீஸ்பூன் குழம்புத்தூள், மஞ்சள்தூள். எலுமிச்சை அளவு புளியை 2 டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்பு போட்டு, பச்சை வாசனை போக 10 நிமிடம் கொதித்த பிறகுதான் கிழங்கு. எண்ணெய் மிதந்ததும் துளி வெல்லம். ஆற ஆறக் கெட்டிப்படும், கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள்.