114 படிகள்

2024 செப்டெம்பர் 9, திங்கள்

பாதையிலிருந்து வீடு வரை 114 படிகள். இன்று 61ஆவது படியில் உட்கார்ந்துவிட்டேன். தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்துப் பிடித்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டேன். யாராவது பார்த்தால் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கட்டும்.

செப்டெம்பர் 10

58.

செப்டெம்பர் 12, வியாழன்

ஸ்கேன் அறிக்கை கிடைத்தது. "ஒன்றுமில்லை டீச்சர், எல்லாம் நோர்மல்" என்றார் டாக்டர். தாளை உறைக்குள் போட்டுக்கொண்டே வயதைக் கேட்டார். 47 என்றேன். "மாதவிடாய் நிற்கப்போகிற காலம். உடம்பு இப்படித்தான் இருக்கும். அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்." வலி தொடங்கியபோது எனக்கு 43 வயது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சீட்டில் இரண்டு மருந்து. மெபனமிக் அமிலம் பழையது, என் வயிற்றைப் புண்ணாக்குவது. மற்றது அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. இது எதற்கு என்று பார்மசித் தம்பியிடம் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, "மன அழுத்தத்துக்குக் கொடுப்பது டீச்சர்" என்றான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தத் தாழ்ந்த குரல்தான் காதில் இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரை உறையை மா டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நான் மனதால் நோகவில்லை. இடுப்பால் நோகிறேன்.

செப்டெம்பர் 13

ஒன்றுமில்லாதது எப்படி இரவு 2 மணிக்கு ஆளை எழுப்பும்?

செப்டெம்பர் 17, செவ்வாய். போயா, பௌர்ணமி விடுமுறை

பாடசாலை இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறும், எழுந்து ஊற்றுவேன், மறுபடி ஆறும்.

ஒன்று யோசித்தேன். டாக்டர்களிடம் நான் சிங்களத்தில்தான் பேசுகிறேன். என் சிங்களத்தில் வலிக்கு இருப்பது ஒரே ஒரு சொல், ரிதெனவா. எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தமிழில் சொல்ல விட்டால் எத்தனை இருக்கின்றன! காலையில் எழும்பும்போது உளைகிறது. மூன்றாம் பாடவேளைக்குள் கடுக்கத் தொடங்குகிறது. பஸ் குழியில் விழும்போது குத்துகிறது. சிறுநீர் கழித்த பிறகு எரிகிறது. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பு இடுப்பெலும்பிலிருந்து தொடைக்குச் சுண்டி இழுக்கிறது. மாலையில் இவை எதுவும் இல்லை, கொழுந்து நிறைந்த கூடையைக் கயிறோடு உள்ளே தொங்கவிட்டதுபோல் ஒரு பாரம். இத்தனையையும் ரிதெனவா என்றால் அவர்தான் என்ன செய்வார்?

இல்லை, அவரை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து நான்கு கோடு போட்டேன். நாள், நேரம், எந்த வலி, எத்தனையாவது படி.

செப்டெம்பர் 21, சனி

தேர்தல் கடமை. விரலுக்கு மை பூசும் வேலை எனக்கு. காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை மரக்கதிரை. வீட்டிலிருந்து தலையணை கொண்டுபோக வெட்கப்பட்டு, சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டேன். பத்து மணிக்குள் அது பலகையாகிவிட்டது.

காலையிலேயே கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். இடது சுண்டுவிரலை நீட்டச் சொன்னால், நகக்கணு வரைக்கும் தேயிலைக் கறை. கறுத்து வெடித்த தோலின்மேல் நான் வைத்த மை எது, கறை எது என்று தெரியவில்லை. சிலருக்கு இரண்டு தடவை பூசினேன். ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "டீச்சருக்கு இடுப்பு நோகிறதா?" என்றார். நான்கு வருடத்தில் நான் சொல்லாமலே கண்டுபிடித்த முதல் ஆள். அவர் பெயரைப் பட்டியலில் பார்த்தும் மறந்துவிட்டேன். அது மனதை அறுக்கிறது.

இரவு: கடுப்பு, எரிவு, பாரம். 9ஆவது படியிலிருந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

அம்மாவின் படங்கு.

இரண்டு நாளாக அதுதான் நினைவு. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் இடுப்பில் படங்கை, அந்தத் தடித்த துணியை, சுற்றிக் கயிற்றால் கட்டுவார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு மூச்சை உள்ளிழுத்து இன்னொரு இழுப்பு. மழைக்கும் அட்டைக்கும் செடியின் குச்சி கிழிக்காமலும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும், அடுப்படியில் நிற்கும்போதும், ஒரு பழைய சேலைக் கிழிசலை அதே இடத்தில் அப்படியே இறுக்கிக் கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டதில்லை. நேற்று என் சால்வையை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். பாரம் பாதியாகக் குறைந்தது.

அம்மா போய் 11 வருடம். யாரிடம் கேட்பேன்?

ஒக்டோபர் 3, வியாழன்

பக்கத்து லயத்து மாரியக்காவுக்கும் இந்த வலி இருக்கிறதாம். 45 வயதில் சுவனாரி கிளினிக்குக்கு, பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக்குக்கு, வரச்சொல்லி மிட்வைப் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சொன்னாராம். போகவில்லை. "போனால் அன்றைய பெயர் போய்விடுமே டீச்சர்." பெயர் என்றால் ஒரு நாள் சம்பளம். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதில் ஒரு நாளை இழக்க மனம் வராது. வலியோடு மலையேறிக் கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அடுத்த முறை நானும் கூட வருகிறேன் என்றேன். சிரித்தார், சரி என்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 8, செவ்வாய்

வேறொரு டாக்டர். "பிள்ளை பெற்றாகிவிட்டதுதானே, கருப்பையை எடுத்துவிடுவோம். பிரச்சினை முடிந்தது." எடுத்தால் வலி போய்விடுமா என்று கேட்டேன். "பெரும்பாலும்." எதனால் வலிக்கிறது என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டார். கொப்பியைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்தேன், அப்படியே உள்ளே வைத்துக்கொண்டேன்.

சிறுநீரில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்த பிறகும் இதுவரை ஏழு முறை அன்டிபயோட்டிக் விழுங்கியிருக்கிறேன். இப்போது கருப்பை. காரணம் தெரியாமல் ஒன்றை வெட்டி எடுக்கச் சொல்ல எப்படி மனம் வருகிறது இவர்களுக்கு?

ஒக்டோபர் 9

44. அழுகை.

ஒக்டோபர் 19, சனி. கண்டி

கினிகத்தேனைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் ஒவ்வொரு வளைவிலும் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைக்கதிரை உயரத்தில் நின்றேன். பணம் கட்டி டாக்டரைப் பார்க்கும் சனலிங்கில் என் இலக்கம் 23. இருட்டிய பிறகுதான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னைவிட இளையவர், சிங்களப் பெண். நான் தடுமாறுவதைப் பார்த்ததும் தமிழ் தெரிந்த தாதியை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கொப்பியை நீட்டினேன். வாங்கினார். வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தாதி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். உளைச்சலுக்குக் கக்கும என்றார், எரிவுக்கு தனவா என்றார். கூடைப் பாரத்துக்கு அவருக்கும் சொல் கிடைக்கவில்லை, கையால் காட்டினார். எண்கள் எதற்கு என்று டாக்டர் கேட்டார். படிகள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சோதிக்குமுன் அனுமதி கேட்டார். "எந்த நொடியில் சொன்னாலும் நிறுத்திவிடுவேன்." உள்ளே ஓரிடத்தில் ஒரு விரலால் மெல்ல அழுத்தினார். நான்கு வருட வலியும் அந்த ஒரு புள்ளியிலிருந்து எழுந்து தொடை வரைக்கும் போனது. "இதுவா?" என்றார். இதுதான், இதுதான் என்று நான் தமிழிலேயே சொன்னேன்.

அவர் சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். கையை முட்டியாக மடக்கி நாள் கணக்கில் வைத்திருந்தால் எப்படி நோகும், இடுப்பின் அடித்தளத் தசைகள் அப்படி இறுகிக் கிடக்கின்றன. இறுக்கும் பயிற்சி கூடாது. (இணையத்தில் பார்த்து ஆறு மாதமாகத் தினமும் நூறு முறை செய்துவந்தேன். கடவுளே.) தளர்த்தத்தான் பழக வேண்டும், அதற்குப் பிசியோதெரபி. மாதவிடாயை ஒட்டிக் கூடுவதால் கருப்பைச் சுவருக்குள்ளே உள்வரிச் சவ்வு வளரும் அடினோமயோசிஸ் இருக்கலாம். அல்லது வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ். இரண்டும் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். நோர்மல் என்றால் அந்த ஸ்கேனில் தெரியவில்லை என்றுதான் பொருள், வலி இல்லை என்று பொருளில்லை. லப்பரஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் உள்ளே பார்ப்பது, செய்து பார்க்கலாம், திகதியைத் தொலைபேசியில் சொல்வார்கள். கருப்பையை எடுப்பது பற்றி இப்போது பேச வேண்டாம், வலி தசையிலிருந்தோ வெளியே வளர்ந்ததிலிருந்தோ வந்தால் கருப்பை போன பிறகும் அது தொடரும்.

சீட்டில் எழுதியதைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், இரவில் ஒன்று.

அதே மாத்திரை. மன அழுத்தத்துக்குத்தானே என்று கேட்டேன், குரல் நடுங்கியது. இல்லை என்றார். அதற்குக் கூடிய அளவில் கொடுப்பார்களாம். இந்தச் சிறிய அளவு நரம்புக்கு. நீண்ட நாள் வலித்தால் நரம்புகள் காரணமில்லாமலும் சேதி அனுப்பப் பழகிவிடுமாம், அதைத் தணிப்பதற்கு. வாய் உலரும், காலையில் தூக்கம் இழுக்கும், உடனே கேட்காது, சில வாரம் பொறுக்க வேண்டும்.

இரண்டு நிமிடம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆனது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

மா டின்னுக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தேன். மேலே மா படிந்திருந்தது. துடைத்து, ஒன்று போட்டுக்கொண்டேன்.

ஒக்டோபர் 24

வாய் காய்ந்த புல்லாக இருக்கிறது. ஆனால் 2 மணிக்கு எழும்பவில்லை.

ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஒரு மாற்றமும் இல்லை. எதற்காகக் கண்டிக்குப் போனேன், எதற்காக இவ்வளவு பணம்? நேற்று முழுக்க முறுக்கு மா பிசைந்து பிழிந்தது காரணமாக இருக்கலாம். பிள்ளைகள் வெடி கொளுத்த வெளியே ஓட, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். 37.

நவம்பர் 4, திங்கள்

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சு வயிற்றுக்கு இறங்கும்போது அடித்தளத்தையும் விட்டுவிட வேண்டும். விடத் தெரியவில்லை எனக்கு. வயது வந்த நாளிலிருந்து இறுக்கிக்கொண்டு உட்காரத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவர் ஆறு மாதமாக முன்னறையில்தான் படுக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெருங்கினால் எனக்கு நோகும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன தெரியும் என்று தெரியாது. இன்று கொப்பியை அவரிடம் கொடுத்தேன். விளக்கடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தார். எழுந்து வந்து போத்தலை எடுத்துக்கொண்டுபோய்ப் புதுத் தண்ணீர் ஊற்றிவந்து வைத்தார்.

நவம்பர் 7

79. உட்காரவில்லை, நின்றேன்.

நவம்பர் 14, வியாழன்

மறுபடியும் தேர்தல் கடமை. இந்த முறை தலையணையோடு போனேன். மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பேன் என்று பொறுப்பதிகாரியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். இடுப்பின் அடித்தளத் தசையில் வலி என்று முழுவதும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. என் முகம் சிவக்கவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடினேன். வரவில்லை, அல்லது நான் நின்ற நேரத்தில் வந்து போய்விட்டார்.

நவம்பர் 16

மாரியக்கா கிளினிக் நாள் எது என்று கேட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

கண்டியிலிருந்து இன்னும் அழைப்பு இல்லை. காலையிலிருந்து மழை, மின்சாரமும் இல்லை. போனில் 11 வீதம்தான் இருக்கிறது, அணைக்காமல் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். 88ஆவது படியில் தண்ணீர் அரித்து ஒரு கல் ஆடுகிறது. அவரிடம் சொல்ல வேண்டும்.