வீடு கட்டுறப்போ பாத்த வீட்டுப் படங்கள்

செப்டம்பர் 6, 2025, சனி

கூடுவாஞ்சேரி சைட்ல ஒரு வழியா வேலை ஆரம்பிச்சாச்சு. புரட்டாசி பொறந்துட்டா அத்தை எதையும் தொட விட மாட்டாங்கன்னு ஆவணிக்குள்ளயே பூஜை போட்டு கடக்கால் தோண்டியாச்சு. நைட்டு தூக்கம் வரல, பாலு மகேந்திராவோட 'வீடு' போட்டேன், 1988ல வந்த படம். சின்ன வயசுல டிவில பாத்தப்போ சொக்கலிங்க பாகவதர் தாத்தா மட்டும் தான் மனசுல நின்னாரு. குடை புடிச்சுட்டு அந்த வெயில்ல பஸ் ஏறிப் போயி பாதி கட்டின செவத்த தடவித் தடவிப் பாப்பாரே, அந்த சீன். இப்ப பாத்தா என் கண்ணு வேற எங்கயோ போகுது, எவ்ளோ கலவை போடுறாங்க, யாரு நின்னு பாக்குறா, எத்தன மூட்டை எறங்குது இப்படி. கடைசில வாட்டர் போர்டுகாரங்க வந்து இந்த எடத்த நாங்க எப்பவோ எடுத்துட்டோம்னு சொல்ற எடத்துல எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஒரு ஆபீஸ் ஓகே சொன்ன எடத்த இன்னொரு ஆபீஸ் எங்களுதுங்குது, வீடு கட்டுற அர்ச்சனா பாவம் யார்கிட்ட போயி மோதும். காலைல முதல் வேலையா வில்லங்கம் இன்னொரு தடவ போட்டுப் பாக்கணும்னு இவர்கிட்ட சொன்னேன், லோன் குடுக்கும்போதே பேங்க்ல பாத்துட்டாங்களேன்னாரு. பாத்தா பாக்கட்டும், நானும் பாப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அந்தப் படத்துல சிமெண்ட் மூட்டை திருட்டுப் போறத காட்டிக் குடுக்குறது சித்தாளா வர்ற மங்கம்மா தான். நானும் ஒரு நோட்டு போட்டு மூட்டை கணக்கு எழுத ஆரம்பிச்சேன், மேஸ்திரி மூஞ்சி சுருங்கிடுச்சு, எம்மேல நம்பிக்கை இல்லயா மேடம்னாரு. நம்பிக்கைலாம் இருக்குண்ணே, கணக்கும் இருக்கட்டும்னேன். கலவை போடுற அக்கா ஒருத்தங்க, அவர் டீ குடிக்கப் போன நேரம் பாத்து, வந்த மூட்டைய எழுதி என்னம்மா பிரயோசனம், சாயங்காலம் காலி சாக்க எண்ணி அடுக்கி வை, அப்ப தான் எவ்ளோ கலவைக்குப் போச்சுன்னு தெரியும், சாக்கையும் சும்மா குடுத்துடாத, அதுக்கும் காசு வருதுன்னாங்க. இப்ப சாக்க அம்பது அம்பதா கட்டி ஷெட்டுல வச்சுருக்கேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேத்துல இருந்து சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு. கடைக்காரர் பழைய ஸ்டாக்கும்மான்னு ராகம் பாடினாரு, பில்ல புது ரேட்டுல போட்டுக் குடுங்கன்னு நின்னு வாங்கிட்டு வந்தேன்.

நைட்டு 'டூ லெட்', செழியன் எடுத்தது, 2019ல தியேட்டருக்கு வந்துச்சு. 2007ல ஐடிகாரங்களால சென்னை வாடகை எகிறின கதை. பாட்டும் இல்ல, பின்னணி இசையும் இல்ல. ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு சத்தம்னு ஓடும், நம்ம வீட்லயே உக்காந்துட்டு இருக்கற மாதிரி. என்ன வேலை, என்ன ஆளுங்க, கவிச்சி சாப்புடுவீங்களான்னு கேக்குற கேள்வி எல்லாம் நாங்க இப்ப இருக்குற வீட்டுக்கு வரும்போது எங்களயும் கேட்டது தான். ஆணி அடிக்கக் கூடாதுங்கறதால கல்யாண போட்டோவே இன்னும் பீரோக்குள்ள தான் கெடக்குது. இவரு படம் முடிஞ்சதும், நாமளும் கீழ் போர்ஷன வாடகைக்கு விட்டா சைவம் ஒன்லி போர்டு போடலாமான்னு நக்கல் பண்றாரு. ஞாயித்துக்கெழம ஆனா மீன் கழுவுற வீட்ல பேசற பேச்சா இது. ஆனா விளையாட்டுக்கு இல்லாமயே சொல்லிட்டேன், விடுறதா இருந்தா வாடகை, அட்வான்ஸ், மோட்டார் போடுற நேரம், இந்த மூணு தான் பேசணும், நாலாவது கேள்வி கேக்கக் கூடாது.

அக்டோபர் 5, ஞாயிறு

'3 பிஹெச்கே' பாத்தோம். சரத்குமார், தேவயானி, சித்தார்த். அழ வைக்கணும்னே அங்கங்க இழுத்துட்டாங்க, எனக்கு அவ்ளோ ஒட்டல. ஆனா சேத்த காசு ஒவ்வொரு தடவயும் காலேஜுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்குன்னு போறதும் அதுக்குள்ள வீட்டு வெல ஏறுறதும் நெஜம். இன்டீரியருக்குன்னு வச்சுருந்த காச அத்தை கண் ஆபரேஷனுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டோம். மாடுலர் கிச்சன் மெதுவா வரட்டும், அலமாரிக்குக் கதவு இல்லன்னா சோறு வேகாதா என்ன.

அக்டோபர் 12, ஞாயிறு

பேஸ்மெண்ட் மட்டம் வந்துடுச்சு, படிக்கட்டு எங்க வருதுன்னு மேஸ்திரிக்கு உடனே சொல்லணுமாம். மாடி கொழுந்தனுக்கு. ஹாலுக்குள்ளயே படி வச்சா எல்லாரும் ஒரே வீடா இருக்கலாம்னு அத்தைக்கு ஆசை, எனக்கு வெளிய வேணும், இவரு ரெண்டு பக்கமும் தலையாட்டுறாரு. ஒரு வாரமா இதே பஞ்சாயத்து. நேத்து சாயங்காலம் அத்தையே தான் 'சம்சாரம் அது மின்சாரம்' போடு, விசு படம் பாத்து நாளாச்சுன்னாங்க. 1986ல ஏவிஎம் எடுத்தது. மனோரமா வர்ற எடமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பாவுக்கும் ரகுவரனுக்கும் காசு பேச்சு முத்தி வீட்டுக்கு நடுவுல கோடு விழுதே, அங்க கப்சிப். எல்லாரையும் ஒண்ணு சேத்து வச்சுட்டு கடைசில மூத்த மருமகளா வர்ற லட்சுமி, தனித்தனியாவே இருப்போம், அப்பப்ப வந்து பாத்துக்குவோம்னு சொல்லிட்டுக் கெளம்பும். அந்தக் காலத்து படத்துக்கு அது பெரிய தில்லு, வேற யாரா இருந்தாலும் குரூப் போட்டோ எடுத்து சுபம் போட்டுருப்பாங்க. நான் வாயே தொறக்கல.

இன்னைக்கு காபி குடிச்சுட்டே அத்தை சொல்றாங்க, "படிய வெளியவே வச்சுக்க. மாடிக்கு தனி மீட்டரும் போட்டுரு, கரண்ட் பில்லுல தான்டி சண்டையே ஆரம்பிக்கும்." மேஸ்திரி படிக்கட்டுக்கு எக்ஸ்ட்ரா ஆகும்னு இழுக்குறாரு, இஞ்சினியர் சைடுல எடம் பத்துமான்னு நாளைக்கு அளந்து பாத்துட்டு சொல்றேன்னுருக்காரு.