பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும்

மாசி 6-ம் தேதி, அதாவது பிப்ரவரி 18, மாடித் தோட்டத்தில் விதை போட்டேன். இன்றைக்கு ஏப்ரல் 25. மே 4-ல் கத்திரி பிறந்துவிட்டால் மாடியில் நின்று யோசிக்கவே முடியாது. அதனால் இந்த இரண்டு மாதத்தில் எது வந்தது, எது வாடியது என்று இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். ஊர் காட்பாடி. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பங்குனியிலேயே மத்தியானம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

மொத்தம் 24 பை. செம்மண், கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை போன வருஷம் ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டேன், முளைத்ததெல்லாம் நுனி கருகி நின்றது. அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் அலசிக் கொட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்த முறை பெரிய டப்பில் போட்டு, டீத்தண்ணி மாதிரி வருகிற சாயம் வெளுக்கிற வரைக்கும் அலசினேன், முதுகு ஒடிந்துவிட்டது. பைகளைத் தரையில் வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். தளத்துச் சூடு கீழிருந்து வேரை வேகவைப்பது நின்றது, தண்ணீரும் வடிந்து ஓடியது. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பலன் கொடுத்தது வெண்டைதான். அர்கா அனாமிகா ரகம், ஒரு ராத்திரி ஊறவைத்துப் பைக்கு மூன்று விதை, ஐந்தாம் நாள் முளைத்தது. நாற்பது நாளுக்குள் பூ, ஏப்ரல் முதல் வாரம் முதல் காய். வெண்டைக்கு வெயில் பிடிக்கும் என்பது சரிதான், ஆனால் ஒரு நாள் பறிக்க மறந்தால் மறுநாள் முற்றி நாராகிவிடுகிறது, ஒன்றுவிட்டு ஒரு நாள் கத்தரிக்கோலோடு மேலே போயே ஆகவேண்டும். ஒரு செடியில் மட்டும் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போட்ட மாதிரி வந்தது. நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், அதற்கு மருந்து கிடையாது. தாங்குகிற ரகம் என்றுதான் பெயர், இருந்தாலும் ஒன்று மாட்டிக்கொண்டது. பூ விட்டிருந்த செடி, மனசே வரவில்லை, பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டதில் ஈ நிறைய ஒட்டியது. மற்ற செடிகளுக்கு வரவில்லை.

தக்காளி கதை வேறு. பி.கே.எம். 1 ரகத்து நாற்று, பிப்ரவரி தொடக்கத்திலேயே வைத்தேன். மார்ச் நடுவரை கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்தது, நானும் அக்கம்பக்கத்தில் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். மார்ச் கடைசியில் பூக்கிற பூவெல்லாம் காம்போடு உதிர ஆரம்பித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து மீன் அமிலம், மோர், பஞ்சகவ்யம் என்று என்னென்னவோ ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், பூ பிடிக்காது. இதற்குப் பாட்டிலில் மருந்தில்லை. ஏற்கெனவே பிடித்த காய்களிலும் மேற்குப் பக்கம் பார்த்ததெல்லாம் வெயிலில் வெளுத்துத் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் பச்சை நிழல்வலை, ஐம்பது சதவீதம், வாங்கிக் கட்டினேன். முதலில் என் தலை உயரத்துக்குக் கட்டி, உள்ளே அனல் அடைத்துக்கொண்டு அது தனிக் கொடுமையாகி, ஒன்பதடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிய பிறகுதான் சரியானது. மொத்தத்தில் இரண்டரைக் கிலோ தக்காளி. அடுத்த முறை கார்த்திகையிலேயே நாற்று வைத்துவிடுவேன்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எழுந்ததே லேட், பதினொரு மணிக்கு மேலே போய்ப் பார்த்தால் தண்டுக்கீரை தலை தொங்கிக் கிடக்கிறது. பாவம் என்று குழாயைத் திறந்து ஹோஸைத் திருப்பினேன். அந்த ஹோஸ் காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. முதல் அரை நிமிஷம் வந்தது தண்ணீர் இல்லை, காபி போடலாம் அந்தச் சூடு. கையில் பட்டபோது துள்ளினேன், அதற்குள் பாதிக் கீரை குளித்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் அந்தப் பாதி மட்டும் அவித்த கீரை, உப்பும் பருப்பும்தான் போடவில்லை. அன்றிலிருந்து காலை ஆறரைக்குள் ஒருதரம், வெயில் தாழ்ந்ததும் ஒருதரம், பைக்கு இரண்டு லிட்டர். அதுவும் ஹோஸில் நிற்கிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துவிட்டுத்தான். மேலே காய்ந்த இலையும் கரும்புச் சக்கையும் மூடாக்காகப் போட்டதில் சாயங்காலம் வரை மண்ணில் ஈரம் நிற்கிறது. சக்கை ஜூஸ் வண்டிக்காரரிடம் சும்மா கிடைக்கும், ஆனால் நன்றாக வெயிலில் காயப் போடாமல் கொண்டுவந்தால் எறும்பு ஊர்வலமே வரும், எங்கள் வீட்டில் வந்தது.

எறும்பு என்றதும் செம்பருத்தி ஞாபகம் வருகிறது. மொட்டுக் காம்பெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு, மாவுப்பூச்சி. எறும்புதான் அதற்குக் காவல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், வெயில் போன பிறகு அடித்தேன், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அதைவிடப் பலன் கொடுத்தது பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததுதான்.

இப்போது பீர்க்குக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இரண்டு கொடி. பந்தல் கட்டி ஏற்றிவிட்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூ, எல்லாம் ஆண் பூ. முதலில் ஆண் பூதான் வரும் என்று தெரியும், பொறுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, பூவுக்கு அடியில் விரல் நீளப் பிஞ்சோடு பெண் பூ வந்தது. எங்கள் தெருவில் தேனீயைப் பார்த்தே ரொம்ப நாள் ஆகிறது, அதனால் நாமே கை மகரந்தச் சேர்க்கை செய்துவிடலாம் என்று மகளின் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தினம் காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினேன். ஆண் பூவில் தடவு, பெண் பூவில் தடவு. நாலு நாள், ஆறு பெண் பூ. ஆறு பிஞ்சும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. மறுபடியும் எனக்குச் சத்துக் குறைவு சந்தேகம்.

பக்கத்து மாடியில் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டில் ரயில்வே மாமா என்றுதான் சொல்வோம். அவர் மல்லிகை, பன்னீர் ரோஜா ஆள், காய்கறிப் பக்கம் போகமாட்டார். நான் ஏணியில் நிற்பதை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்துகொண்டு, "இன்னாபா, காலங்காத்தால யாருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற? மாப்பிள்ளையும் பொண்ணும் நேத்து ராத்திரியே தூங்கப் போயாச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வா என்றார். போனேன். ஐந்தரைக்கு மொட்டாக இருந்தது, நிற்க நிற்க, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இல்லை, ஆனால் வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் அவிழ்ந்திருக்கிறது, ஆறேகாலுக்கு ஐந்து இதழும் மலர்ந்துவிட்டது. இதழில் கசக்கின துணி மாதிரி மெல்லிய சுருக்கம். ஆண் பூவை விரலால் தொட்டேன், மஞ்சள் தூள் ஈரமாக ஒட்டியது. காலையில் நான் பிரஷ்ஷால் தடவியபோது இப்படி ஒட்டியதே இல்லை, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். பிரஷ் வேண்டாம், ஆண் பூவையே பறித்து இதழைப் பிய்த்துவிட்டு நடுத்தண்டைப் பெண் பூவின் முடியில் மெதுவாக ஒத்து என்றார் மாமா, அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் பிஞ்சு தலை குனிந்து நீள ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் பறித்தோம், ஒன்றே முக்கால் அடி. தோலைத் துவையலுக்கு, உள்ளே இருந்ததைப் பாசிப்பருப்புக் கூட்டுக்கு.

சுரைக்காய்ப் பூவும் சாயங்காலம்தானாம், புடலை இன்னும் இருட்டினபிறகு, பாகல் மட்டும் விடியற்காலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரிந்த பத்துமணிப்பூவையும் அந்திமந்தாரையையும் வரிசையாக வைத்துக்கொண்டு, பேரிலேயே கடிகாரம் இருக்கிற இரண்டு செடிக்கு நடுவில் நின்றுகொண்டு, பீர்க்குக்கு நேரம் உண்டா என்று ஒருநாள் கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாமாவின் மல்லிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டார், செடி செத்தே போனது என்று அம்மா வருத்தப்பட்டாள். மாசிக் கடைசியில் மொட்டு, பங்குனியில் இலை தெரியாத அளவுக்கு மொட்டு. விடிந்ததும் பறித்துவிடுவார், சாயங்காலம் அம்மா தொடுத்து முடிக்கிற நேரத்துக்குச் சரியாக அவிழும். நடுவில் அவர் ரோஜா இலையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுத்து, பின்பக்கம் மெல்லிய நூலாம்படை, செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி ஒரு வாரம் தினமும் காலையில் வேகமாகத் தண்ணீர் அடித்தோம். அடங்கிவிட்டது. என் செண்டுமல்லி பூத்தது, ஆனால் பொத்தான் அளவுதான். சூட்டில் அப்படித்தான் ஆகும்.

கத்தரி, அது இலவம்பாடி முள்ளுக்கத்தரி, அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டிலிருந்து வந்த நாற்று. புவிசார் குறியீடு வாங்கின ரகம் என்பதால் கொஞ்சம் பயபக்தியோடுதான் வளர்த்தேன். இலையிலும் முள், காம்பிலும் முள், காயின் தொப்பியிலும் முள். போன ஞாயிறு முதல் பறிப்பு, அரைக் கிலோ, விரலில் இரண்டு குத்து. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்ததில் யாரும் பேசவில்லை, சாப்பிட்டார்கள்.

அணில் மட்டும்தான் தீராத வழக்கு. காயைக் கடித்தாலும் பரவாயில்லை, பந்தலுக்குக் கட்டின கயிற்றைப் பிரித்துக் கூடு கட்ட எடுத்துப் போகிறது. பாதிப் பந்தல் இப்போது எதிர்வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்று மாமா ஒரு பொட்டலம் கொடுத்தார், நுரைப்பீர்க்கு விதை, கறுப்பாக, தட்டையாக. சித்திரையிலேயே போட்டுவிடு என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "அந்தப் பெயின்ட் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடாதப்பா, இது காலைலதான் விரியும்" என்றார்.